வரைபடத்தில் கையொப்பமிடுபவரின் பொறுப்பு எதுவரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதிகளில் வீடுகளுக்கும் தொடர்மாடிகளுக்கும் கட்டமைப்பு வரைபடம் தயாரிக்கும் பொறியியலாளன் நான். என் நண்பர் ஒருவருக்கு அண்மையில் சட்டத்தரணி ஒருவரிடமிருந்து நட்டஈடு கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நண்பர் கணக்குப் போட்டுக் கொடுத்தது மூன்று மாடிக்கு. வீட்டுக்காரரோ மேசன் பாஸின் பேச்சைக் கேட்டு நாலாவது சிலாப்பையும் போட்டு, அதன்மேல் இரண்டு தண்ணீர்த் தாங்கிகளையும் ஏற்றிவிட்டார். ஆயிரம் லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீரின் பாரம் மட்டுமே ஒரு தொன். அத்திவாரம் இறங்கி, பக்கத்து வீட்டுச் சுவர் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. மேல்மாடி பற்றி நண்பருக்கு எதுவுமே தெரியாது. ஆனால் மேற்பார்வை தன் பொறுப்பல்ல என்று காட்ட அவர் கையில் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. எல்லாமே தொலைபேசிப் பேச்சு.

2017 மே மாதம் சவோய் திரையரங்குக்கு அருகே கட்டடம் இடிந்து விழுந்ததை எங்கள் ஊரார் மறக்கவில்லை. அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பொறியியலாளர்கள் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. நல்லது. ஆனால் பதிவு இலக்கம் பாதிக்கப்பட்டவரின் சுவரைக் கட்டித் தராது. அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்குத் தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி, அதாவது தொழிலில் நேரும் தவறுக்காகக் கேட்கப்படும் நட்டஈட்டை ஈடுசெய்யும் காப்புறுதி வேண்டும்.

இந்தக் காப்புறுதியில் இளம் பொறியியலாளர்கள் பலர் கவனிக்காத ஒன்றுண்டு. வரைபடம் போட்ட நாளில் காப்புறுதி இருந்தால் மட்டும் போதாது. பெரும்பாலும், நட்டஈட்டுக் கோரிக்கை வரும் நாளிலும் அது நடைமுறையில் இருக்க வேண்டும். ஓய்வுபெற்றதும் தவணைப்பணம் கட்டுவதை நிறுத்தியவர், பழைய கட்டடமொன்றுக்காகத் தன் சொந்த வீட்டையே இழக்க நேரலாம். ஓய்வுக்குப் பிந்திய காலத்துக்கும் பாதுகாப்பு நீடிக்குமா என்று முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் கட்டட அனுமதி விண்ணப்பத்தில் வடிவமைப்புக்கு ஒரு கையொப்பமும் தள மேற்பார்வைக்கு வேறொரு கையொப்பமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இருவரது காப்புறுதிப் பத்திரங்களின் பிரதிகளையும் அதனுடன் இணைக்கச் சொல்ல வேண்டும். மேற்பார்வைக்குக் கையொப்பமிட ஒருவரும் முன்வராத கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கவே கூடாது.

கட்டமைப்புப் பொறியியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06