வாஷினோமியா கோயிலின் மரப்பலகைகள்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க அய்யனார் துணை. போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. அய்யனாருக்கு மண்குதிரை செய்யும் உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒரு விஷயத்தை இங்கே ஜப்பானில் பார்த்தேன். ஆற அமர எழுதினால்தான் சரிப்படும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. பாஷையும் ஓரளவு பிடிபட்டுவிட்டது. பாட்டிகளைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது பேசப் பேச வந்துவிடுகிறது. நான் இருக்கும் குகி, சைதாமா மாகாணத்தில் உள்ள சின்ன நகரம். தோக்கியோவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். ஊரைத் தாண்டினால் நெல் வயல்தான். அடுத்த ஸ்டேஷன் வாஷினோமியா. அங்கே ஒரு பழைய ஷிண்டோ கோயில், அதாவது இந்த நாட்டின் பூர்வீக மதத்துக் கோயில், இருக்கிறது. விடுமுறை கிடைத்தால் என் கால் அங்கேதான் போகிறது.

இங்கே வேண்டுதலை மரப்பலகையில் எழுதிக் கோயிலில் கட்டுவார்கள். எமா என்று பெயர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, மேல்பக்கம் கூம்பியிருக்கும், தொங்கவிட ஒரு கயிறு. கோயிலிலேயே விற்கிறார்கள், பெரும்பாலும் 500 யென்னிலிருந்து 1000 யென்னுக்குள். இதன் பூர்வீகம்தான் உங்களுக்குப் பிடிக்கும். ஆதியில் சாமிக்கு உயிருள்ள குதிரையையே கொடுத்தார்களாம். மழை வேண்டுமென்றால் கறுப்புக் குதிரை, பெய்யும் மழை நிற்க வேண்டுமென்றால் வெள்ளைக் குதிரை. கியோட்டோ பக்கம் கிஃபுனே கோயிலுக்கு அரசவையிலிருந்தே இப்படி அனுப்பியிருக்கிறார்கள். குதிரைக்கு வழியில்லாதவர்கள் மண்ணிலும் மரத்திலும் செய்து வைத்தார்கள். பிறகு அது பலகையில் வரைந்த குதிரையானது. நம் புரவி எடுப்பும் உங்கள் சூளையும்தான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

வாஷினோமியாவில் இப்போது குதிரை இல்லை. பெண்பிள்ளைகளின் படம். 2007-இல் 'லக்கி ஸ்டார்' என்று ஒரு கார்ட்டூன் தொடர் டிவியில் வந்தது. அதில் வரும் இரட்டைச் சகோதரிகள் ககாமியும் சுகாசாவும் கோயில் வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கோயிலுக்கு வாஷினோமியாதான் மாதிரி. தொடரின் ஆரம்பப் பாட்டிலேயே கோயிலின் தோரண வாயில் வரும். ரசிகர்கள் இடத்தைக் கண்டுபிடித்து வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் சும்மா போகாமல் ஆளுக்கொரு எமா வாங்கி, தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தை அதில் தங்கள் கையாலேயே வரைந்து கட்டினார்கள். இந்த மாதிரிப் பலகைக்கு இதா எமா என்று தனிப்பெயரே உண்டு.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். சுகாசாவின் முகம், தலையில் மஞ்சள் ரிப்பன். முகத்துக்கு வண்ணமே பூசவில்லை. மரத்தின் நிறத்தையே தோலாக விட்டுவிட்டார் வரைந்தவர். ஊதா நிறக் கூந்தல் மர ரேகையோடு சேர்ந்து இறங்குகிறது. எது பேனாக் கோடு, எது மரத்தின் கோடு என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்குக் கீழே பொடி எழுத்தில், அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ஒசாகா என்று ஊர்ப்பெயர். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, அம்மாவுக்காக வேண்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே பெரிய காரியத்தைச் சாமிக்குச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

வரைவது லேசான வேலையில்லை பெரியப்பா. மேற்பூச்சு இல்லாத பலகை. ஸ்பிரிட் மை பட்டதும் ரேகை வழியே ஓடிக் கசிந்துவிடும். முதலில் கசியாத பேனாவால் விளிம்பு கட்டி, காயவிட்டு, அப்புறம்தான் உள்ளே நிறம் வைக்கிறார்கள். ஒரு பையன் மர நிழலில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை முடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் தெரியுமா? நான் கும்பிட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அதே கண்தான்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி வாஷினோமியாக்காரர், அவர்தான் சொன்னார். ஆரம்பத்தில், கேமராவோடு கூட்டம் கூட்டமாக வந்த பையன்களைப் பார்த்து ஊரே மிரண்டதாம். பிறகு ஊர் வியாபாரிகள் சங்கமே முன்வந்து எமா வடிவில் சின்ன மரத்தொங்கல் செய்து கடை கடையாக விற்றது. 2008-இல் அந்தச் சகோதரிகளின் குடும்பத்தை ஊரின் சிறப்புக் குடிமக்களாகப் பதிவும் செய்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் திருவிழாவில் லக்கி ஸ்டார் படம் போட்ட பல்லக்கை ரசிகர்கள் தோளில் சுமந்தார்கள். புத்தாண்டுக் கும்பிடுக்கு 2007-இல் சுமார் 1,30,000 பேர் வந்த கோயிலுக்கு மறுவருஷம் 3,00,000 பேர் வந்தார்கள். பிறகு 4,00,000-ஐயும் தாண்டியது. படத்தில் வந்த அந்தப் பழைய தோரண வாயில் 2018 ஆகஸ்டில் சாய்ந்துவிட்டது. 2021-இல் புதிது எழுப்பினார்கள்.

தொடரை எடுத்த கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு 2019 ஜூலை 18 அன்று ஒருவன் தீ வைத்துவிட்டான். 36 பேர் இறந்தார்கள். படம் வரைகிற பிள்ளைகள். ஒரு பலகையில் சகோதரிகள் இருவரும் தலை குனிந்து நிற்க, கீழே "நன்றி" மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

மற்ற ஊர்களிலும் உண்டு. தோக்கியோவில் அகிஹபாரா பக்கம் கண்டா மியோஜின் கோயிலில் 'லவ் லைவ்' என்ற கார்ட்டூனில் வரும் பெண்கள். சுனாமியில் அடிபட்ட ஓஅராய் துறைமுகத்தில், பீரங்கி வண்டி ஓட்டும் பள்ளி மாணவிகள், அவர்களும் கார்ட்டூன்தான். சாமி காரியத்தில் கார்ட்டூனா என்று முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடையில் வாங்கியதைக் கொடுப்பதைவிடத் தன் கைவேலையைக் கொடுப்பது உயர்ந்த காணிக்கை என்று நீங்கள் சொல்லித்தான் நான் வளர்ந்தேன்.

இன்னொன்று. பழைய பலகைகளைக் கழற்றிப் பூஜை செய்து நெருப்பில் போட்டுவிடுவது இங்கே வழக்கம். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பையனிடம் கேட்டேன். சாமிக்குக் கொடுத்தாயிற்றே என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். நீங்களும் கோயில் வாசலில் கால் உடைந்து சாய்ந்து கிடக்கிற பழைய குதிரைகளைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வருஷத்துக்கு மண் மிதிக்கிறவர்தானே.

புத்தாண்டுக்குள் நானும் ஒன்று வரைந்து கட்ட ஆசை. அய்யனார் குதிரையைத்தான் வரையப்போகிறேன். சுட்ட மண்ணுக்கு முதலில் சுண்ணாம்பு அடித்து, மேலே நிறம் வைப்பீர்களே, மெல்லிய மரத்துக்கு அது ஒத்துவருமா, உரிந்துவிடுமா? கடிவாளத்துச் சிவப்புக்கு என்ன கலப்பீர்கள் என்பதையும் தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பெரியம்மாவின் முழங்காலுக்குத் தைலப்பட்டை அடுத்த பார்சலில் வருகிறது; இரவில் மட்டும் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்