ராஜினாமாவுக்கு முன்னால் கொஞ்சம் பொறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாட்டு ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

இங்கிலாந்து மாட்டு டாக்டர் ஜேம்ஸ் ஹெரியட் தன் வேலையைப் பற்றி எழுதிய கதைப் புத்தகங்களைப் படித்துவிட்டுத்தானே இந்தப் படிப்புக்கே போனாய். புத்தகத்தில் இருக்கும் ஆளை உனக்குத் தெரியும். எழுதிய மனிதரைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

அவருடைய உண்மைப் பெயர் ஆல்ஃப் வைட். 1916-இல் சண்டர்லாண்டில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்தவர். நாய்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதுதான் சின்ன வயது ஆசை. 1939 கடைசியில் படிப்பை முடித்தபோது பண்ணைக் குதிரைகளின் இடத்தை டிராக்டர்கள் பிடித்துக்கொண்டிருந்தன. கால்நடை டாக்டருக்கு வேலை கிடைப்பதே பெரிய விஷயம். 1940-இல் யார்க்‌ஷயரில் தர்ஸ்க் என்ற சின்ன ஊரில், டொனால்ட் சின்க்ளேர் என்ற கால்நடை டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஊர் வேலையை விட்டுப் பிறகு போகவே இல்லை, போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்த கொஞ்ச நாள் தவிர.

அங்கே என்ன வேலை என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நடுராத்திரியில் எழுந்து போய், குளிரில் சட்டையைக் கழற்றிவிட்டு, தொழுவத்துத் தரையில் படுத்து, தோள்வரை கையை விட்டுக் கன்றின் தலை எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று துழாவுவது. பென்சிலின் எல்லாம் பண்ணைகளுக்கு வந்துசேராத காலம். பசுக்களிடமிருந்து புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோய் அவருக்கே தொற்றியது. அப்படிச் சிரிக்கச் சிரிக்க எழுதிய மனிதர், 1960 வாக்கில் கடுமையான மனச்சோர்வில் விழுந்து சிகிச்சை எடுத்திருக்கிறார். இதை அவர் மகன் பின்னால் எழுதினார். நீ படித்த கதைகளில் இது தெரியாது.

இவ்வளவு காலமும் மனைவி ஜோனிடம் “இதையெல்லாம் ஒருநாள் எழுதுவேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஐம்பது வயதில் எந்த மாட்டு டாக்டரும் முதல் புத்தகம் எழுதப்போவதில்லை என்று அந்த அம்மா சொன்னதும், சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். சாயங்காலங்களில், வீட்டுக்கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்க, தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். முதலில் எழுதியது கால்பந்துக் கதைகள் மாதிரி எதையெதையோ. எல்லாம் திரும்பி வந்தன. தன் வேலையைப் பற்றி, பேசுகிற மாதிரியே எழுதியபோதுதான் கைகூடியது. 1970-இல் முதல் புத்தகம். சொந்தப் பெயரில் எழுதினால் விளம்பரமாகிவிடும் என்று தொழில் விதி தடுத்ததால் புனைபெயர். அதுவும் டிவியில் பார்த்த பர்மிங்ஹாம் சிட்டி கால்பந்து அணி கோல்கீப்பரின் பெயர்!

1972-இல் அமெரிக்காவில் இரண்டு புத்தகங்களைச் சேர்த்து ஒன்றாகப் போட்டார்கள், உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டார். 1978-இல் பிபிசி தொடர். அப்புறமும் வேலையை விடவில்லை, பாப்பா. வாசகர்கள் அவருடைய ஆஸ்பத்திரியைத் தேடி வந்துகொண்டிருந்தபோதும், பல வருடங்கள் மாடு பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தார். வேலை அவருடைய எழுத்துக்குத் தடையாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தொழுவத்துக்குப் போகாமல் அறையில் உட்கார்ந்திருந்தால் அவரிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கால்பந்துக் கதைகள்தான்.

இன்னொன்றும் உண்டு. அவர் நடந்ததை அப்படியே எழுதவில்லை. தர்ஸ்க் என்ற ஊர், கதையில் டேரோபி என்று ஆயிற்று, 1940-இல் வந்தவர் தன் கதையை முப்பதுகளுக்கு நகர்த்திக்கொண்டார். இவ்வளவு மாற்றியும் சின்க்ளேருக்குத் தன்னைப் பற்றி எழுதியது முதலில் பிடிக்கவில்லை. நீயும் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்.

அவர் தன் மகளைக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டார், உடம்பு தாங்காது என்று. அந்தப் பெண் மனிதர்களுக்கு டாக்டரானார். அந்த ஒரு விஷயத்தில் உன் அப்பா அவரைவிடப் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

சரி, ராஜினாமாவை இப்போதைக்குக் கொடுக்காதே. எருமைக்குக் கருப்பை வெளியே தள்ளிய அந்த ராத்திரியைப் பற்றிப் போனில் சொன்னாயே, சொன்ன மாதிரியே எழுதி அனுப்பு. வாக்கியத்தை அலங்காரம் பண்ணாதே. மாட்டுக்காரர் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றிவிடு. அம்மாதான் முதலில் படிப்பாளாம், இப்போதே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா