கேள்வி கேட்க ஒரு திடல் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் அரசியல் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தெருமுனைக் கூட்டம், பொதுக்கூட்டம், கண்டன ஆர்ப்பாட்டம் என்று ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் கேட்க வந்தவர் குறுக்கே கேள்வி கேட்கவும், பேசுகிறவர் அங்கேயே பதில் சொல்லவும் இடமில்லை. அப்படி ஓர் இடத்தை மாநகராட்சி ஒதுக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு லண்டன் போயிருந்தோம். ஈஸ்ட்ஹாமில் சித்தி வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எங்களை ஹைட் பார்க்கின் வடகிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனார். ஸ்பீக்கர்ஸ் கார்னர் என்று பெயர். மேடையும் கிடையாது, மைக்கும் கிடையாது. சின்ன ஏணியோ பெட்டியோ கொண்டுவந்து ஏறி நின்று பேசுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து குடியேறுகிறவர்களால்தான் வீட்டு வாடகை ஏறிவிட்டது என்று நடுவயதுக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பாவைப் போன்றவர்களைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்குள் முன்னால் நின்ற ஒரு பெண், "ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஊசி போடுகிறவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள்?" என்று கேட்டார். "நர்ஸ்களை நான் குறை சொல்லவில்லை, வீடு கட்டாத அரசாங்கத்தைச் சொல்கிறேன்" என்றார் அவர். "அப்படியானால் வாடகை ஏறியதற்குக் காரணம் யார்?" என்று இன்னொருவர் பிடித்துக்கொண்டார். பேசியவர் தன் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தொடங்கிய இடத்திலேயே நிற்கவும் அவரால் முடியவில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த இடம் சும்மா கிடைத்ததில்லை. 1866இல் வாக்குரிமை கேட்டு வந்த தொழிலாளர்களை உள்ளே விடாமல் பூங்காவைப் பூட்டினார்கள். கூட்டம் கம்பி வேலியைச் சாய்த்துக்கொண்டு நுழைந்தது. 1872இல் வந்த பூங்காச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே கூட்டம் கூடுவது முறைப்படியானது. இன்றைக்கும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட முடியாது. சட்டத்தை மீறினால் போலீஸ் தலையிடும்.

நான் திருவல்லிக்கேணிக்காரி. எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான், மெரினா கடற்கரையில், கூட்டங்கள் நடந்த திலகர் திடல் இருந்தது. 1907 மே மாதம் விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பால் அந்தக் கடற்கரை மணலில்தான் பேசினார். அவரைச் சென்னைக்கு அழைத்து வர முன்னின்றவர் பாரதியார். பிறகு மெரினாவில் பொதுக்கூட்ட மேடையாக வந்த சீரணி அரங்கத்தை 2003இல் இடித்துவிட்டார்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் மெரினாவில் போராட்டம் நடத்த அனுமதியும் இல்லை. வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் போன்ற இடங்கள் மிச்சம் இருக்கின்றன. அங்கேயும் ஒரே பக்கத்துக் குரல்தான், அதுவும் கேமராவைப் பார்த்து. பொதுக்கூட்டத்திலோ பொன்னாடைகள் முடிந்து, பேச்சு முடிந்து, தலைவர் காரில் ஏறிப் போய்விடுகிறார். மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தவருக்குக் கைதட்டுவதைத் தவிர வேலையில்லை.

கேள்வி கேட்பது நமக்கு லண்டன்காரர்கள் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. பெரியார் கூட்டங்களில் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி மேடைக்கு அனுப்புவார்கள், அவர் படித்துப் பதில் சொல்வார் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வழக்கம் எப்படி நின்றுபோனது என்று நம் கட்சிகளைத்தான் கேட்க வேண்டும்.

ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் போதும். மெரினாதான் வேண்டும் என்ற பிடிவாதமும் இல்லை. தியாகராயர் நகர் நடேசன் பூங்காவில் ஒரு மூலை கொடுத்தாலும் சரி. ஒலிபெருக்கி, கொடி, பேனர் எதுவும் வேண்டாம். ஒருவர் பேச வேண்டும். எதிரே நிற்பவர் கேட்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் காவல்துறை அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டிய நிலை இல்லாமல், ஒரே நிரந்தர அனுமதியாகத் தர வேண்டும். குப்பைக் கிடங்கு, மழைநீர் வடிகால், மெட்ரோ பள்ளம் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குக் கேட்க நிறைய இருக்கிறது. வார்டு கவுன்சிலர் யாராவது முதல் ஞாயிறு வந்து பேசச் சம்மதித்தால், கேள்விகளோடு வர எங்கள் வகுப்பே தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு வரலாறு மாணவி,
திருவல்லிக்கேணி, சென்னை