எந்த உலாவி வேண்டும் என்று கேளுங்கள்: போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் போட்டி ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தீர்கள். செயலிக் கடையான பிளே ஸ்டோரின் பலத்தைக் கொண்டு, இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவிகளின் சந்தையில் தன் உலாவியான குரோமுக்கு அரண் கட்டியதும் தவறு என்று அந்த ஆணையில் எழுதியவர்கள் நீங்கள்தான். எனவே பின்னணியை விளக்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எழுபது வயது அப்பாவுக்குப் புதிய கைபேசி வாங்கிக் கொடுத்தேன். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இயக்கியதும் மொழியைக் கேட்டது, விரல் ரேகையைக் கேட்டது, சுவர்ப்படம் எது என்றுகூடக் கேட்டது. எந்த உலாவி வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. அந்த நிறுவனத்தின் சொந்த உலாவி முன்பே உள்ளே குடியிருந்தது. அப்பாவுக்குப் பழகிய உலாவியை இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

இரண்டாம் வாரம் இரவு பத்தரைக்கு அழைத்தார். குடியிருந்த உலாவி தானாக அனுப்பிய செய்தி அறிவிப்பு ஒன்றைத் தொட்டிருக்கிறார். ஏதோ விளம்பரப் பக்கம் திறந்து, கைபேசிக்குள் வைரஸ் இருப்பதாக மிரட்டியிருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதிய மனிதர், "நான் எங்கேயப்பா தப்பாகத் தொட்டேன்?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு போய் அதை எடுத்துவிடப் பார்த்தேன். 'நீக்கு' என்ற பொத்தானே இல்லை, 'முடக்கு' மட்டும்தான். அழையாமல் வந்த விருந்தாளிக்குப் போர்வை போர்த்தி மூலையில் உட்கார வைக்கலாம், வெளியே அனுப்ப முடியாது. வீடோ நாங்கள் காசு கொடுத்து வாங்கியது.

கூகுள் செயலிகளைப் பயனர் நீக்குவதற்குத் தடை கூடாது என்று நீங்கள் சொன்னீர்கள். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, அந்த வரியை ரத்து செய்தது. அது நின்றிருந்தால் மற்ற நிறுவனங்களுக்கும் கொஞ்சம் கூச்சம் வந்திருக்கும். முதல் நாளே தேடுபொறியைத் தேர்ந்தெடுக்க விடச் சொன்னீர்கள். உலாவியை ஏன் விட்டீர்கள்?

ஐரோப்பிய ஆணையம் 2013-இல் மைக்ரோசாஃப்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம் போட்டது. சுமார் ஒன்றரைக் கோடிக் கணினிகளில் எந்த உலாவி வேண்டும் என்று கேட்கும் தேர்வுத் திரையைக் காட்டாமல் விட்டதுதான் குற்றம். அங்கே காட்டாத திரையைக்கூட எண்ணுகிறார்கள். இங்கே எண்ணுவதற்குத் திரையே இல்லை. கருத்துக் கேட்பு, விசாரணை, மேல்முறையீடு என்று நாமும் நிதானமாகப் போகலாம். அதற்குள் அப்பாவின் கைபேசி பழைய இரும்புக்குப் போய்விடும்.

மன்னிக்கவும், கோபம் முந்திக்கொண்டது. கேட்பது இதுதான்: யார் தயாரித்த கைபேசியானாலும், முதல் நாளே எந்த உலாவி வேண்டும் என்று கேட்க வேண்டும், வேண்டாததை நீக்க ஒரு பொத்தான் இருக்க வேண்டும். ஆணையம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா இப்போது எந்த அறிவிப்பையும் தொடுவதில்லை, நான் அனுப்பும் பேரனின் படங்கள் உட்பட.

இப்படிக்கு,
கைபேசிக்குக் காசு கொடுத்த ஒருவன்