தோல் தந்தவர்களுக்கும் அதைக் கெடாமல் காத்தவர்களுக்கும்

அன்புடையீர்,

வெட்டியெடுத்த தோலை ஆய்வுக்குத் தரச் சம்மதித்துக் கையெழுத்திட்ட அனைவருக்கும், அதை அறுவை அரங்கிலிருந்து ஸ்லைடு வரை கொண்டுவந்து சேர்த்த செவிலியர், லேப் டெக்னீஷியன்களுக்கும் திசுவை ஆராய்ந்து நோயைக் கண்டறியும் எங்கள் திசுநோயியல் பிரிவின் நன்றி. உங்களால் என்ன தெரியவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

வெயிலின் புற ஊதாக் கதிர் டிஎன்ஏ குறியீட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்துகளை (சி, டி போன்றவை) ஒட்டவைத்துவிடும். உடனே செல்லுக்குள் பி53 புரதம் சேரும். அது பி21 புரதத்தை வரவழைத்து செல் பிரிவதை நிறுத்தும். பழுதுபார்க்க அவகாசம் கிடைக்கும். சேதம் மிஞ்சிப்போனால் அந்தச் செல்லைச் சாகவைக்கும். வெயிலில் வெந்த தோலில், சுருங்கிய கருவோடு இளஞ்சிவப்பாக அங்கங்கே தெரிபவை அப்படி மடிந்த செல்கள்தான். பி53 மரபணுவே கெட்டுப்போனால், சாக வேண்டியது பிழைத்துப் பெருகும். தோல் புற்றில் ஒரு வகையான செதிள்செல் புற்றுகளின் பி53இல் 'சிசி' என்று அடுத்தடுத்து இருந்த இடத்தில் 'டிடி' வந்திருப்பதை ஆய்வாளர் டக்ளஸ் பிராஷ் குழுவினர் 1991இல் காட்டினார்கள். அது வெயிலின் கைரேகை.

2015இல் பிரிட்டனின் மரபணு ஆய்வு மையமான சாங்கர் நிறுவனத்தார் நான்கு பேரின் இமைத் தோலை ஆராய்ந்தார்கள். நோயே இல்லாத அந்தத் தோலில் 18 முதல் 32 சதவீதச் செல்களில் புற்றைத் தூண்டக்கூடிய மாற்றங்கள் இருந்தன. இமை அறுவையில் கழித்த தோலைத் தந்த அந்த நால்வருக்கும் எங்கள் வணக்கம்.

செவிலியர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். திசுவைப்போல் பத்து மடங்கு அளவுக்குக் குறையாமல் திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத பஃபர் ஃபார்மலின் ஊற்றினீர்கள். சலைனில் போட்டு வைக்கவில்லை. 72 மணி நேரம் தாண்டவிடவில்லை. இது சின்ன விஷயமே அல்ல. ஃபார்மலினில் அதிகம் ஊறினால் டிஎன்ஏ துண்டாகும். 'சி' என்ற எழுத்து 'டி'யாகப் படிக்கப்படும். வெயில் செய்யும் மாற்றமும் அதேதான்! பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 'சி'யும் ஒருசேர 'டி'யாக மாறியிருந்தால்தான் வெயில் என்று துணிந்து எழுத முடிகிறது.

டெக்னீஷியன்களே, 3-4 மைக்ரான் கனத்தில் மடிப்பு விழாமல் நீங்கள் சீவிய துண்டுகளால்தான், பி53 புரதத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயத்தை நம்பிப் படித்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிர்பழுப்பு என்றால் மரபணு பெரும்பாலும் நலம். கட்டி முழுக்க அடர்பழுப்பு, அல்லது சுத்தமாக நிறமே இல்லை என்றால் பழுது. ஆனால் நிறம் இல்லாததைப் பழுது என்று சொல்ல, அதே ஸ்லைடில் ஓரத்து நல்ல செல்கள் நிறம் பிடித்திருக்க வேண்டும். அந்த ஓரத்தை நீங்கள் வெட்டி எறியவில்லை.

கோர்லின் நோய்க்குறி (தோலில் அடித்தளச்செல் புற்றுகள் பல வரும் பரம்பரை நோய்) உள்ள குடும்பங்கள் ரத்தம் தந்ததால்தான் 1996இல் பிடிசிஹெச்1 மரபணு பிடிபட்டது. அது ஸ்மூத்தன்ட் என்ற புரதத்தை அடக்கி வைக்கிறது. அந்தப் பிடி விட்டால் அடித்தளச்செல் புற்று வளரும். ஸ்மூத்தன்டைத் தடுக்கும் விஸ்மோடெகிப் மருந்துக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தக் குடும்பத்தார் எந்த மருத்துவரிடம் போனாலும் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்த இடத்தில் உங்களுக்குப் புதுக் கட்டிகள் முளைக்கக்கூடும்.

நன்றியுடன்,
திசுநோயியல் பிரிவினர்