என் வண்டியின் எண் 237-ல் தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்க மசில் கார்களை (நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சின் போட்ட வேக வண்டிகளை) பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இங்கே மிச்சிகனில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக, இதைப் பற்றித் தமிழில் எழுதவும் ஆள் இருக்கிறாரே என்று. இரண்டாவது முறை கையில் பென்சிலோடு.

கட்டுரை 1971 பிளைமவுத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிளில் தொடங்குகிறது. 2014-ல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போன வண்டி. சரி, அது உண்மைதான். ஆனால் அந்த மாதிரியில் கட்டியதே 11 வண்டிகள். அதைக் காட்டிவிட்டுக் கடைசிப் பத்தியில் "அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கு இது தங்கத்தைவிட நல்ல முதலீடு" என்று முடித்திருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு யாராவது சேமிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அப்படிக் கிளம்பிப் போனவன்.

கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. வருகிற பாகத்தை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் உள்ளே, இல்லையென்றால் திருப்பி அனுப்புவது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

2013-ல் 1968 மாடல் பான்டியாக் ஜிடிஓ ஒன்றை வாங்கினேன். பக்கத்து மாநிலத்தில் பழைய வண்டிகள் விற்கும் ஒரு ஷோரூம். சிவப்பு நிறம், பானட்டில் இரண்டு காற்றுத் துளைகள், முன்னால் வண்டியின் நிறத்திலேயே பூசிய எண்டுரா பம்பர், பானட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஆர்பிஎம் மீட்டர். சாவியைத் திருப்பியதும் 400 கியூபிக் இன்ச் எஞ்சின் எழுப்பிய சத்தத்தில் எனக்கு மற்ற எதுவும் காதில் விழவில்லை. 31,000 டாலர். மிச்சிகனில் பெயர் மாற்றும்போது 6 சதவீத வரி தனி.

ஜிடிஓவை அமெரிக்கர்கள் செல்லமாக 'கோட்' (goat) என்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆடு. "ஆட்டை வெளியே எடுத்தா அப்படியே பாலும் வாங்கிட்டு வாங்க" என்பாள் மனைவி.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிறு காலை, பழைய வண்டிக்காரர்கள் கூடும் ஒரு பார்க்கிங்கில் நிறுத்தியிருந்தேன். வயதான ஒருவர் வந்தார். பான்டியாக் ஊரில் இருந்த அசெம்பிளி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. டிரைவர் பக்கம் முன் கண்ணாடிக்குக் கீழே குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மட்கார்டைத் தட்டிக்கொடுத்து, "நல்ல லெமான்ஸ்" என்றார்.

1968-லிருந்து அமெரிக்க வண்டிகளில் வின் நம்பர், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள அடையாள எண், முன் கண்ணாடி வழியாகத் தெரியும்படி டேஷ்போர்டின் மேல் இருக்கும். 1966 முதல் 1971 வரையிலான ஜிடிஓ என்றால் அந்த நம்பர் 242 என்று தொடங்க வேண்டும். 2 என்றால் பான்டியாக், 42 என்றால் ஜிடிஓ. என் வண்டியில் 237. அது லெமான்ஸ், அதே உடம்பைக் கொண்ட சாதாரணக் குடும்ப வண்டி. ஏழாவது இடத்தில் 'P' என்ற எழுத்து இருந்ததைப் பெரியவர் மறுபடி குனிந்து தடவிக் காட்டினார். அவருடைய ஆலையில் கட்டியதுதானாம். அவருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன், மூன்று எண்களைப் படிக்காமல் 31,000 டாலர் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம்தான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஒன்று இருக்கிறது. பழைய பான்டியாக்குகளின் தொழிற்சாலை விலைப்பட்டியல் நகலை வின் நம்பரைக் கொடுத்தால் அனுப்புவார்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டியதை வாங்கிய பிறகு கேட்டேன். வந்தது: லெமான்ஸ், 350 எஞ்சின், இரண்டு கியர் ஆட்டோமேட்டிக், வெளிர் நீலம். டிக்கியின் விரிப்பைத் தூக்கி ஓரத்து மடிப்பில் டார்ச் அடித்தால், அந்த நீலம் அங்கேயே இருக்கிறது. பின் கண்ணாடிக்குக் கீழே காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. அத்தனையும் இரும்பின் இடத்தில் பூசிய பட்டி. இந்த உடம்பு வண்டிகளில் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கிற முதல் இடமே அதுதான். கண்ணாடி ஓரத்தில் நுழைந்து டிக்கித் தரை வரைக்கும் தின்றுகொண்டு போகும்.

ஒரு மதிப்பீட்டாளரை அழைத்துக் காட்டினேன். லெமான்ஸாக, நகலாக, 19,000 டாலர் என்றார். வித்தியாசம் 12,000. எண்ணுக்கு நாலாயிரம் வீதம். விற்றவர்களிடம் கேட்டதற்கு, "உள்ளது உள்ளபடி" என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை அனுப்பினார்கள். விளம்பரத்தில் ஜிடிஓ என்றிருந்ததே என்றேன். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது என்றார்கள். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்போ இது வெள்ளாடு இல்லையா, செம்மறியா?"

உங்கள் வாசகர்கள் யாராவது உண்மையிலேயே வாங்கப் போகிறார்கள் என்றால், வண்டியைப் பார்க்கப் போகும் முன் காகிதத்தைக் கேளுங்கள். 1964, 65 ஜிடிஓக்களில் வின் நம்பரும் உதவாது, ஏனென்றால் அப்போது ஜிடிஓ தனி மாடல் இல்லை, லெமான்ஸ் போன்ற வண்டிகளோடு கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் ஒரு ஆப்ஷன் மட்டும்தான். 1972-ல் மறுபடி அப்படியே ஆகிவிட்டது. ஃபோர்டு என்றால் 1967 முதலான வண்டிகளுக்கு, தொழிற்சாலைப் பதிவை வைத்துத் தரும் மார்டி ரிப்போர்ட் என்று ஒன்று கிடைக்கும். பிளைமவுத், டாட்ஜ் வண்டிகளில் வின் நம்பரின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1970-ல் அது 'ஆர்' என்றால் 426 ஹெமி. செவ்ரலேதான் கஷ்டம். 1969-லிருந்து அவர்களுடைய ஷெவல் வண்டியில் எஸ்எஸ் என்ற வேக வகை வெறும் ஆப்ஷன். வின் நம்பர் பெரும்பாலும் மாலிபு என்ற சாதாரண வகை என்றுதான் சொல்லும். பெட்ரோல் டேங்க்குக்கு மேலே தொழிற்சாலையில் செருகிய பில்ட் ஷீட்டை (வண்டியில் என்னென்ன போட வேண்டும் என்ற தாளை) எலி தின்னாமல் இருந்தால் அதிர்ஷ்டம். 1970-ல் 450 குதிரைத்திறன் எல்எஸ்6 எஞ்சினோடு 4,475 வண்டிகள் செய்தார்கள். அதில் ஆறாயிரம் இன்னும் ஓடுகிறது என்பது இங்கே பழைய ஜோக்.

(குதிரைத்திறன் என்றதும் ஞாபகம் வருகிறது. 1971-ல் இருந்த சக்தி 1972-ல் திடீரென்று பாதியானது என்று கட்டுரையில் இருக்கிறது. அதில் ஒரு பங்கு கணக்கு மாறியதால் வந்தது. அதுவரை ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் மேடையில் ஓட்டி அளந்த கிராஸ் எண்ணைப் போட்டார்கள். 1972 முதல் எல்லாம் மாட்டி அளந்த நெட் எண். கம்ப்ரஷனைக் குறைத்ததும், இன்ஷூரன்ஸ்காரர்கள் கட்டணத்தை ஏற்றியதும், 1973 எண்ணெய் நெருக்கடியும் வேறு கதை.)

இதையெல்லாம் எழுதுகிறவன் வண்டியை விற்றிருப்பான் என்று நினைப்பீர்கள். விற்கவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறேன். ஏன் என்பது, ஜிடிஓ பிறந்த கதையை அந்தக் கோபத்தில் தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு விதி. நடுத்தர அளவு வண்டிகளில் 330 கியூபிக் இன்ச்சுக்கு மேல் எஞ்சின் போடக் கூடாது. அதன் ஒரு பிரிவான பான்டியாக்கில் பொறியாளர்கள் ஜான் டெலோரியனும் பில் காலின்ஸும் ரஸ் ஜீயும் ஒன்றைக் கவனித்தார்கள்: பான்டியாக்கின் 326 எஞ்சினும் பெரிய வண்டிகளுக்கான 389 எஞ்சினும் வெளி அளவில் ஒன்றுதான். அதே பிடிமானத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும். விதி மாடலுக்குத்தானே, ஆப்ஷனுக்கு இல்லையே என்று 1964-ல் ஆப்ஷனாகக் கொண்டுவந்தார்கள். 5,000 விற்றால் போதும் என்று தொடங்கி, அந்த வருடம் 32,450 விற்றது. மசில் கார் காலம் தொடங்கியது அதில் என்றுதான் பலரும் சொல்வார்கள். உங்கள் கட்டுரை அந்தப் பெருமையை ஃபோர்டின் மஸ்டாங்குக்குக் கொடுத்திருக்கிறது. மஸ்டாங் ரசிகர்களோடு சண்டைக்கு நான் வரவில்லை.

ஆக, முதல் ஜிடிஓவே சின்ன எஞ்சினுக்கான இடத்தில் பெரிய எஞ்சினை உட்கார வைத்த வண்டி. 350-ம் 400-ம் வெளியில் ஒன்றுபோல் இருப்பதால்தான், என் வண்டியை மாற்றிய யாரோ ஒருவரால் அதைச் சுலபமாகச் செய்ய முடிந்தது. அவர் செய்த வேலையில் எனக்குக் குறையில்லை. அதை மறைத்து விற்றவர்கள் மேல்தான் குறை. "இது லெமான்ஸ், 400 எஞ்சின் போட்டிருக்கிறது, விலை 19,000" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஜிடிஓவிலேயே 'ஜட்ஜ்' என்ற வகை, அசல் 1969 வண்டி இருக்கிறது. காகிதம், எஞ்சின் நம்பர் எல்லாம் பொருந்தும். அவர் அதை மூடிய டிரெய்லரில் ஏற்றித்தான் கண்காட்சிக்குக் கொண்டுபோவார். பிரேக்கை மாற்ற மாட்டார், பாயின்ட் இக்னிஷனை மாற்ற மாட்டார், மாற்றினால் மதிப்பு போய்விடும். என் செம்மறிக்கு அந்தக் கவலை கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒரு மழைநாளில் தண்ணீர் புகுந்து வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனதும் முன்னால் டிஸ்க் போட்டுவிட்டேன். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். கோடையில் இரண்டாயிரம் மைலுக்குக் குறையாமல் ஓட்டுகிறேன். ஒரு கேலனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு மைல், அதுவும் 93 ஆக்டேன் பெட்ரோல். அதைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

செலவும் சும்மா விடாது. இரண்டாம் வருடம், வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்டில் ஒரு மேடு தேய்ந்து மழுங்கிவிட்டது. தப்பு என்னுடையது. இந்தப் பழைய எஞ்சின்களில் வால்வைத் தூக்கும் லிஃப்டர் அந்த மேட்டின் மேல் உரசிக்கொண்டே ஓடும். ஆயிலில் துத்தநாகச் சேர்மம் வேண்டும். இப்போதைய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள், புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை அது கெடுக்கும் என்பதால். நான் என் அன்றாட வண்டிக்கு ஊற்றுவதையே இதற்கும் ஊற்றினேன். எஞ்சினைப் பிரித்து மாட்டிய பில்லை மனைவியிடம் இன்னும் முழுசாகக் காட்டவில்லை. (அவள் இந்த நாளிதழைப் படிப்பதில்லை.)

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கொட்டகையில்தான் நிற்கும். இங்கே ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். ஒரு வசந்தத்தில் ஏர் கிளீனரைத் திறந்தால், உள்ளே எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. இன்ஷூரன்ஸில், வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி வைக்கும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற வகையைத்தான் எடுக்க வேண்டும். லெமான்ஸ் என்று உண்மையைச் சொல்லியே எடுத்திருக்கிறேன். நம்பர் பலகை மிச்சிகனின் வரலாற்று வாகனப் பலகை. அதை வைத்துக்கொண்டு கிளப் கூட்டம், கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் போகலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

ஆகஸ்ட் ஏன் என்றால், டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூ சாலையில் நடக்கும் பழைய வண்டி ஊர்வலம். 1995-ல் ஃபெர்ன்டேல் ஊரில் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்டத் தொடங்கிய ஊர்வலம், இப்போது ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை பான்டியாக் வரை ரோட்டை நிறைத்துவிடுகிறது. ஒரு வருடம் அந்த நெரிசலில், வெயிலில், கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து நடு ரோட்டில் நின்றுவிட்டேன். எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், அதுதான் விஷயம். இறங்கித் தள்ள ஆறு பேர் ஓடிவந்தார்கள். அதில் ஒருவர்கூட வின் நம்பரைப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு போட்ட படத்துக்குக் கீழே "1968 ஜிடிஓ ஜட்ஜ்" என்று இருக்கிறது. ஜட்ஜ் வந்ததே 1969 மாடலில். படத்தில் இருப்பது 1968-ன் முகம்தான், எனக்கு அது மனப்பாடம். பக்கவாட்டு ஸ்டிக்கரும் பின் ஸ்பாய்லரும் யாரோ பிறகு ஒட்டியவை. அந்த உரிமையாளர் உங்கள் நிருபருக்குப் பழக்கம் என்றால், கண்ணாடி வழியாக முதல் மூன்று எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். 242 என்றால் ஸ்டிக்கரைக் கிழித்தால் போதும். 237 என்றால் என் முகவரியைக் கொடுங்கள். டிக்கி விரிப்பை எந்த மூலையில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்