பொருள்கள் கலையலாம், பொழுது கலையக் கூடாது

லால்குடி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். அங்கு நீயும் மருமகளும் குழந்தைகள் இருவரும் நலமாக இருக்க சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, "வீடு வீடு மாதிரியே இல்லை அம்மா, எதுவும் வைத்த இடத்தில் இருப்பதில்லை" என்று சொன்னாய். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் சின்னவன் எதையோ தள்ளிவிட, பெரியவள் அழ, அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாய். இவற்றையெல்லாம் தொலைபேசியில் நிறுத்தி நிதானமாகப் பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். புரட்டாசியில் புனேவுக்கு வந்து உங்களோடு தங்கியிருந்தபோது என் கண்ணில் பட்டவையும், அங்கன்வாடியில் பணிபுரிந்த காலத்தில் எனக்கு விளங்கியவையுமே இதில் இருக்கின்றன. மருமகளிடமும் படிக்கக் கொடு.

சமையலறையின் கீழ்த்தட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களைச் சின்னவன் இழுத்துப் போடுவதைத்தான் நீ எப்போதும் முதலில் சொல்வாய். ஒரு நாள் காலையில் மருமகள் கணினி முன்னால் அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது, நான் தரையில் உட்கார்ந்து அவனை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய டம்ளருக்குள் சிறியதைப் போட்டான், உள்ளே போய்விட்டது. பிறகு சிறியதற்குள் பெரியதைத் திணிக்கப் பார்த்தான், போகவில்லை. கவிழ்த்துப் பார்த்தான், தரையில் தட்டிப் பார்த்தான், கோபம் வந்து ஒரு முறை கத்தினான். பிறகு தானாகவே பெரியதை நிமிர்த்தி வைத்து, சிறியதை மேலிருந்து விட்டான். 'டொங்' என்று சத்தம் எழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, முளைத்திருக்கும் பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தான். எதற்குள் எது அடங்கும் என்பதை ஒருவரும் சொல்லித் தராமல் அவன் கற்றுக்கொண்ட காலை அது. நீ மாலையில் வீட்டுக்கு வந்தபோது பார்த்தது சிதறிக் கிடந்த டம்ளர்களை மட்டும்தான். அந்தச் சிரிப்பை நீ பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தக் கீழ்த்தட்டை அவனுக்கே விட்டுவிடுங்கள். டம்ளர், மரக்கரண்டி, பிளாஸ்டிக் டப்பா, பழைய இட்லித் தட்டு ஆகியவை அங்கே இருக்கட்டும். கண்ணாடிப் பாத்திரம், கத்தி, தீப்பெட்டி, மாத்திரைகள், கழிவறைக்கு ஊற்றும் திராவகம் எல்லாம் பூட்டிய அலமாரிக்குப் போகட்டும். எதற்கெடுத்தாலும் 'தொடாதே, தொடாதே' என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தால், உண்மையிலேயே தொடக்கூடாத அடுப்பருகில் அவன் போகும்போது அந்தச் சொல்லுக்கு வலு இருக்காது.

இதோடு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அங்கே தண்ணீர் நிற்கும் நேரத்துக்காகக் குளியலறையில் வாளிகளில் பிடித்து வைக்கிறீர்கள். அவனுக்கு இன்னும் தலை கனத்த வயது. எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியாது. வாளியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே உயிருக்கு ஆபத்து, கூப்பிடச் சத்தம்கூட வராது. ஆகவே வாளிகளுக்கு அழுத்தமான மூடி வாங்கிப் போடு, குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம் மேலே ஒரு தாழ்ப்பாளும் வை. வீடு கலைந்து கிடப்பதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். இதைப் பற்றி மட்டும் தூக்கம் வராமல் கவலைப்படுவேன்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் பொருள்கள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று பாடுபடுவது வீண். ஒழுங்காக இருக்க வேண்டியது பொழுது. சாப்பாடும் குளியலும் தூக்கமும் நாள்தோறும் ஒரே வரிசையில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தால், நடுவில் எவ்வளவு ரகளை நடந்தாலும் குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள், பெரியவர்களும் தாங்கிக்கொள்ளலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது அங்கன்வாடியில்தான். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தைத் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, கிராமத்துப் பால்வாடிகளில் 2 வயதுக் குழந்தைக்கும் மதியச் சோறு கிடைக்கத் தொடங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். ஒரே ஓர் அறை, ஓர் உதவியாளர், காலையில் அம்மாவின் முந்தானையை விடாமல் அழுகின்ற பிள்ளைகள். வந்ததும் பாட்டு, பிறகு கதை, பிறகு வெளியில் ஓட்டம், கை கழுவல், சோறு, பாயை விரித்துப் படுக்கை என்ற வரிசை எந்த நாளிலும் மாறாது. முட்டை போடும் நாளை நாள்காட்டியே தெரியாத பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டு அழும் பிள்ளையிடம் "மூன்று மணிக்கு" என்றால் அதற்கு ஒன்றும் விளங்காது. "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும்" என்றால் உடனே விளங்கிவிடும், அழுகையும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். சோறு நேரத்துக்கு வந்ததால்தான் தூக்கமும் நேரத்துக்கு வந்தது. அத்தனை பிள்ளைகளும் ஒரே அறையில் அயர்ந்து தூங்குவதைப் பார்த்து, மேற்பார்வைக்கு வரும் அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்து வருவார்.

உங்கள் வீட்டில் காலைப் பொழுது ஓடிப் பிடிக்கும் பொழுதாக இருந்தாலும் எப்படியோ வரிசையாக நடந்துவிடுகிறது. ஒரு பக்கம் குக்கர் விசில், ஒரு பக்கம் ஒற்றைச் சாக்ஸைத் தேடும் நீ, நீல நிறத் தண்ணீர் பாட்டில்தான் வேண்டும் என்று நிற்கும் பெரியவள், அவள் பின்னலைப் பிடித்து இழுக்கும் சின்னவன், வாசலில் வேன் ஒலி. அந்தப் பத்து நிமிடமும் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அவள் போன பிறகு சின்னவன் கதவின் அருகிலேயே நின்று "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவான். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து மராத்தியில் ஏதோ கொஞ்சுவார். அவரை ஆஜி என்று அழைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டான். தூரத்து ஊரில் என் பேரனுக்கு இன்னொரு பாட்டி கிடைத்ததற்காக நான் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சிக்கல் இருப்பதெல்லாம் மாலைப் பொழுதில். நீ அலுவலகத்திலிருந்து வருவதற்கு எட்டரை, ஒன்பது ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் கண் சொருகத் தொடங்கும் குழந்தைகள் உன்னைக் கண்டதும் துள்ளி எழுகிறார்கள். நீயும் ஆசையில் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறாய். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் தூங்குவதற்குப் பதினொரு மணி ஆகிறது. 1 முதல் 2 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பெரியவளோ பள்ளியிலிருந்து வந்து பகலில் தூங்குவதை விட்டுவிட்டாள். இரவு பதினொன்றுக்குத் தூங்கிக் காலை ஏழுக்கு எழுப்பப்பட்டால் எட்டு மணி நேரம்தான் ஆகிறது. காலையில் அவள் சட்டை போட மறுத்து உருண்டு அழுவதைப் பிடிவாதம் என்று சொல்கிறாயே, அது பிடிவாதம் இல்லை, தூக்கக் குறைவு.

வாரத்தில் சில நாள்களாவது ஏழரைக்குள் வரப் பார். முடியாத நாள்களில் விளையாட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓட்டத்தை விட்டுவிட்டு, விளக்கைத் தணித்து, மடியில் போட்டுக் கதை சொல். கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டுவதும் மெல்லக் குறையட்டும். 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதன் பிறகு 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அறிவுரை.

இன்னொன்று. நீ மருமகளுக்கு உதவி செய்கிறாய் என்று பெருமையாகச் சொல்கிறாய். உதவி என்றால் கேட்டால் செய்வது, கேட்கும் வேலையும் அவள் தலையிலேயே விழுகிறது. ஒரு வேலையை முழுவதுமாக உன் பெயரில் எடுத்துக்கொள். உன் அப்பா அப்படித்தான் செய்தார். நீ சிறுவனாக இருந்தபோது உன்னைக் குளிப்பாட்டுவது அவர் வேலை. கிணற்றடியில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் கண்ணில் படாமல் உன் நெற்றியில் கையை அணையாக வைத்து ஊற்றுவார். தண்ணீர் தீர்ந்ததா, துண்டு காய்ந்ததா, உனக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று நான் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. அவ்வளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. நீயும் குளியலையோ, இரவில் தூங்க வைப்பதையோ எடுத்துக்கொண்டால், மருமகளுக்கு ஒரு வாய்ச் சோறாவது சூடாகச் சாப்பிட நேரம் கிடைக்கும். நான் அங்கு இருந்தவரை அவள் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்ததை அதிகம் பார்க்கவில்லை.

அக்காள் தம்பி சண்டையைப் பற்றியும் வருந்தியிருந்தாய். பெரியவள் மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவதும், அவன் தத்தித் தத்தி வந்து அதை உதைத்துத் தள்ளுவதும், அவள் ஊரைக் கூட்டுவதும் நானும் பார்த்ததுதான். இது நேற்று இன்று தொடங்கியது இல்லை. பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்கு உரிய பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில் பருவம். மணலில் சிறு வீடு கட்டி விளையாடும் பெண்பிள்ளைகள், எங்கள் வீட்டைச் சிதைக்காதே என்று அந்தச் சிறுவனிடம் கெஞ்சுவதாகப் பாடுவார்கள். தெய்வத்தையே பிள்ளையாக்கிப் பாடிய புலவர்களும் இந்தச் சண்டையை விட்டுவைக்கவில்லை.

நம் பெரியவளோ கெஞ்சுவதற்கும் மேலே போய்விட்டாள். நான் கிளம்புவதற்கு முந்தைய வாரம், தனக்கு ஒரு வீட்டைச் சோபாவின் மேல் கட்டி வைத்துக்கொண்டு, தரையில் உயரமாக ஒரு கோபுரத்தை அடுக்கினாள். "இது தம்பிக்கு இடிக்கிறதுக்கு, ஆச்சி" என்றாள். அவன் வந்து ஒரே தட்டில் தள்ளினான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மறுபடியும் அடுக்கினாள். நான்கு வயதுப் பெண் பஞ்சாயத்து எதுவும் இல்லாமல் தானே கண்ட வழி அது. அதனால் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தீர்ப்புச் சொல்லாதே. கடியோ அடியோ இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்.

சுவரில் அவள் கிறுக்கியதற்குக் கோபித்துக்கொண்டாயாம். நம் திண்ணைச் சுவரில் நீ அடுப்புக்கரியால் பேருந்து வரைவாய். ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா வெள்ளையடிப்பார். மாட்டுப் பொங்கல் முடிவதற்குள் புதுப் பேருந்து ஓடத் தொடங்கிவிடும், ஒவ்வோர் ஆண்டும் அதில் சன்னல்கள் கூடிக்கொண்டே போகும். வாடகை வீட்டுச் சுவர் என்பதால் உன் கவலை நியாயமானதே. பழைய நாள்காட்டித் தாள்களைப் பின்புறம் வெளியே தெரியும்படி அவள் உயரத்துக்கு ஒட்டிவிடு. ஒரு சுவர் மட்டும் அவளுடையது என்று சொல்லிவிட்டால் மற்றச் சுவர்கள் பெரும்பாலும் தப்பிவிடும்.

வேலைகளில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை, உரிப்பதற்குப் பட்டாணி, மடிப்பதற்குக் கைக்குட்டை. நேரம் இரட்டிப்பாகும், மாவு தரையில் கொட்டும்; ஆனாலும் தான் உரித்த பட்டாணி என்று தெரிந்தால் பெரியவள் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள், நானே கண்டேன்.

சத்துமாவு வறுத்து அரைத்து அனுப்பியிருக்கிறேன். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, கொஞ்சம் ஏலக்காய். வெல்லம் சேர்த்துக் கொழுக்கட்டையாகப் பிடித்துக் கொடுத்தால் இருவரும் சாப்பிடுவார்கள். வேர்க்கடலையை முழுதாக மட்டும் சின்னவன் கைக்கு எட்டவிடாதே, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவனுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்துச் சொல். அட்டை மருமகளின் நீலக் கோப்பில் இருக்கிறது.

சித்திரையில் அவனுக்குக் காது குத்தலாம் என்று அப்பா நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மடியில் வைத்துக்கொள்ள மருமகளின் அண்ணனுக்கு விடுப்பு கிடைக்க வேண்டும், அவரையும் கேட்டுக்கொள். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே உனக்கு எந்த வாரம் தோதுப்படும் என்று மாசி பிறப்பதற்குள் எழுது. கீழ்ப்படுக்கையாகப் பார்த்துப் போடு, சின்னவன் மேலே ஏற ஆசைப்படுவான்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அம்மா